புளித்த மாவும் மூன்று படியும்: சமையல்வழி விவிலிய விளக்கம் குறித்து ஒரு திறனாய்வு

அன்றாடச் சமையலில் விசுவாசப் பாடம் காண்பது தமிழ்க் கிறித்தவரிடையே வேரூன்றிய வழக்கமாகும். உப்பும் மாவும் அப்பமும் எண்ணெயும் விவிலியத்திலேயே உவமைப் பொருள்களாக வருவதால், இவ்வழக்கத்திற்கு மூலநூலின் ஆதரவும் உண்டு. எனினும், இவ்வாறு விளக்கம் கூறுவோர் தம் கையிலுள்ள மொழிபெயர்ப்பின் சொற்களையே சார்ந்து நிற்கின்றனர். அச்சொற்கள் பொருள்கோடலை எவ்வாறு நெறிப்படுத்துகின்றன என்பதை, மத்தேயு 13:33இல் அமைந்த புளித்த மாவு உவமையைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

பாசிர் கூடாங்கில் நடைபெற்ற ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் நாம் கேட்ட உரையே இச்சிந்தனைக்குத் தூண்டுகோலாயிற்று. இரவில் கரைத்து மூடிவைத்த தோசை மாவு விடியலில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுகிறது. அதுபோல இறையரசும் ஓசையின்றி வளரும். நாம் பொறுமையோடு காத்திருந்தால் போதும் என்றார் அவ்வுரையை ஆற்றிய இல்லத்தரசி.

இவ்விளக்கத்தின் சிறப்பை முதற்கண் கூறவேண்டும். இயேசுவின் காலத்தில் மாவைப் புளிக்கச் செய்தது கடையில் விற்கும் ஈஸ்ட் தூள் அன்று. முன்னர்ப் பிசைந்த மாவிலிருந்து எடுத்துவைத்த புளித்த பகுதியே அது. 'புளித்த மா' என்னும் தமிழ்த் தொடர் இதனைப் பிழையின்றி உணர்த்துகிறது. புது மாவில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்துப் பழகிய தமிழ்ப் பெண்ணுக்கு இவ்வுவமை விளங்க உரை வேண்டியதில்லை. ஈஸ்ட் எனப் பெயர்க்கும் அண்மைக்கால ஆங்கில விவிலியங்களைக் காட்டிலும் தமிழ்ச் சமையலறை மூலத்திற்கு அணுக்கமாக நிற்கிறது எனலாம்.

குறை அளவில் உள்ளது. 1871இல் வெளிவந்ததும் சீர்திருத்தச் சபையார் பலர் இன்றும் படிப்பதுமான பழைய மொழிபெயர்ப்பு 'மூன்றுபடி' என்கிறது. பழைய சென்னை அளவையின்படி ஒரு படி ஏறத்தாழ 1.5 லிட்டர்; மூன்று படி 4.5 லிட்டர். இஃது ஒரு பெரிய குடும்பத்திற்கான மாவு. கிரேக்க மூலத்திலுள்ள அளவோ 'சாத்தோன்' ஆகும். அதனை ஏறத்தாழ 13 லிட்டர் எனக் கொள்வது பலர் ஏற்கும் கணக்கு. அவ்வாறாயின் மூன்று சாத்தோன் 39 லிட்டர். நூறு பேருக்கு மேல் உண்ணத்தக்க அளவு. ஆபிரகாம் விருந்தினருக்காகச் சாராளிடம் பிசையச் சொன்னதும் மூன்று அளவு மாவே என்பது ஒப்புநோக்கத்தக்கது (தொடக்க நூல் 18:6). ஆகவே, உவமை காட்டுவது வீட்டுச் சிற்றுண்டியை அன்று, பெருவிருந்தை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'மூன்று மரக்கால்' என்கிறது. மரக்கால் வட்டாரந்தோறும் வேறுபட்டதாயினும், எட்டுப் படி ஒரு மரக்கால் என்னும் சென்னைக் கணக்கில் இது 37 லிட்டராகிறது. மூலத்தின் பேரளவு இங்கு மீட்கப்படுகிறது.

வினைச்சொல்லிலும் வேறுபாடு உண்டு. மூலத்தின் வினை மறைத்துவைத்தலைக் குறிப்பது. பழைய பெயர்ப்பின் 'அடக்கிவைத்தாள்' அம்மறைவைக் காக்கிறது. புதிய பெயர்ப்பின் 'பிசைந்துவைத்தார்' மறைவை இழக்கிறது. ஆனால் பெண்ணின் உழைப்பை வெளிக்கொணர்கிறது. அவரை மதிப்புப் பன்மையாலும் சுட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே படிப்பவருக்கே உவமை முழுமையாகக் கிடைக்கும்.

இனி, நாம் கேட்ட உரை பொறுமையை மட்டுமே வற்புறுத்தியது ஏன் என்பது விளங்கும். மூன்று படி மாவு தானே புளிக்கும் எனக் காத்திருக்கலாம். மூன்று மரக்கால் மாவைப் பிசையாமல் காத்திருக்க இயலாது. பாசிர் கூடாங், 1977இல் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் வளர்ந்த தொழில் நகரம். ஆலையில் முறைமாற்று வேலை முடித்து வந்து அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணிடம் பொறுமையை மட்டும் போதிப்பது, அவருடைய உழைப்பைப் பாடத்திலிருந்து நீக்குவதாகும். உவமையோ அவ்வுழைப்பை இறையரசின் செயலுக்கே ஒப்பிடுகிறது.

புளிப்பிற்கு மறுபக்கமும் உண்டு. பாஸ்காவின்போது வீட்டிலிருந்து அகற்றப்படுவது புளித்த மாவு (யாத்திராகமம் 12). பரிசேயரின் தீய போதனைக்கு உவமையாவதும் அதுவே (மத்தேயு 16). இறையரசை அதனோடு ஒப்பிட்டது அன்றைய கேட்போரைத் திடுக்கிடச் செய்திருக்கும். தமிழில் 'மாவு புளித்தது' என்பது பக்குவம். 'மாவு புளித்துப்போயிற்று' என்பது கேடு. ஒரு துணைவினையால் நம் மொழி உணர்த்தும் இவ்வேறுபாட்டைச் சமையல்வழி விளக்குவோர் பயன்கொள்ளாதது வியப்பே.

முடிவாக, சமையலறை விவிலிய விளக்கத்திற்குத் தகுந்த இடமே. அதனை எளியோர் பேச்சென ஒதுக்குதல் தகாது. ஆனால் படியும் மரக்காலும் வழக்கொழிந்துவரும் இந்நாளில், அளவுப்பெயர்களின் பொருளைக் கற்பிக்கும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு. மாணவர் மரக்காலின் அளவை அறிந்தாலன்றி, அப்பெண் பிசைந்தது எத்தனை பேருக்கான மாவு என்பதை அறியார்.