கோணல் கோடுகளின் சாட்சியம்

ஒல்லாந்தர் ஆட்சியில் காணி விபரங்களைப் பதிந்துவைத்த ஏடு தோம்பு எனப்பட்டது. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தன் நூலுக்கு ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ எனப் பெயரிட்டார். முற்றுப்பெறாத தோம்பு என்பது பொருள். யுத்தத்தால் இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழர்களையும் முஸ்லிம்களையும், இழந்த தம் வீட்டை நினைவிலிருந்து வரையச் செய்திருக்கிறார். வீட்டுக்கு மூன்று சித்திரங்கள்: வீட்டுக்குரியவர் கைப்பட வரைந்தது, கட்டிடக் கலைஞரின் அளவுப்படம், ஓவியர் வரைந்தது.

நூலின் உயிர் முதற் சித்திரத்திலேயே இருக்கிறது. பாடசாலைக்குப் பின் பென்சில் பிடித்திராத கைகள் எத்தனையோ இதில் இருக்கலாம். கோடு கோணுகிறது, அளவு பிசகுகிறது. அளவுப்படம் அதனைத் திருத்தி ஆவணமாக்குகிறது. ஆனால் கையின் தயக்கத்தை அழித்துவிடுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு வீட்டின் உறுதியைவிட, நினைவே பல வேளைகளில் எஞ்சியது. அந்நினைவு நேர்கோடாக வராது. ஓவியரின் சித்திரங்கள் அழகானவை. எனினும் சில இடங்களில் அந்த அழகு வீட்டுக்காரரின் குரலை மறைக்கிறது என்பது என் குறை.

ஹற்றன் பகுதியில் தோட்டப் பாடசாலை ஆசிரியன் நான். ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தற் சாதனங்களைக் கையாலேயே வரைந்தோம். பின்னர் கணினி அச்சு வந்தது, கை ஓய்ந்தது. இந்நூலை மூடிய இரவு, நான் பிறந்த லயத்தை வரைய உட்கார்ந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுப்பு, விறகு, இஸ்தோப்பு, பீலிக்கு இறங்கும் படிகள். படிகள் ஒன்பது என்பது கை வரைந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. தோம்பு உரிமையாளருக்குரியது. உறுதியே இல்லாத லயத்துக்கு எது தோம்பு? 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. கப்பலேறியவர்களின் காம்பராக்களில் வேறு குடும்பங்கள் குடியேறின. அவர்கள் வாழ்ந்த அடையாளம் எந்தக் காணிப் பதிவிலும் கிடையாது. சனாதனனின் நூல் வடக்குக்குள் நின்றாலும், அதன் வழிமுறை நமக்கும் உதவக்கூடியது.

தரம் 9 மாணவரிடம், தாத்தாவிடமோ அப்பாயியிடமோ ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். அடிமட்டம் கொடுக்க வேண்டாம் என்றும்.