கப்பல் உடைக்கிறவனின் அகராதி

'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்று ஒரு பழமொழி. கன்னத்தில் கை வைப்பதற்குக்கூடச் சொந்தமாக ஒரு கப்பல் இருந்திருக்க வேண்டும். கவிழ்ந்தவனுக்கு ஆறுதல் வைத்திருக்கிற தமிழ், கப்பலை உடைத்துச் சோறு தின்றவனுக்கு என்ன சொல் வைத்திருக்கிறது? கடலைப் பற்றி நம் ஆய்வாளர்கள் எழுதிக் குவித்திருப்பதை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் நானும் மனப்பாடம் செய்தவன்தான். கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி. தமிழன் கடலாண்டான் என்பதற்கு இந்தப் பட்டியல்தான் சாட்சி என்றார்கள். நாவாய் வந்து நின்ற துறையில் மூட்டை இறக்கியவன் யார், ஆயுள் முடிந்த மரக்கலத்தைப் பிரித்துப்போட்டவன் யார் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தப் பெருமைப் பேச்சுக்கு வடக்கேயும் ஒரு மூதாதை உண்டு. ராதாகுமுத் முகர்ஜி 1912இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்தியக் கப்பல் வரலாறு. இந்தியனுக்குக் கடல் தெரியாது என்ற வெள்ளைக்காரன் பேச்சுக்குப் பதில் சொன்ன நூல் என்ற அளவில் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் பெருமையோடு எடுத்துக்காட்டுவது எதை? போஜராஜன் பெயரில் வழங்கும் 'யுக்தி கல்பதரு' என்ற சமஸ்கிருத நூலை. அது கப்பல்களைச் சாதாரணம், விசேஷம் என்று பிரித்து, அளவு சொல்லி, வகைவகையாகப் பெயர் வைக்கிறது. கப்பலுக்குப் பெயர் வைப்பதோடு விடவில்லை, மரத்துக்கும் வருணம் சொல்கிறது. லேசும் மென்மையும் என்றால் பிராமண மரம். லேசும் கெட்டியும் என்றால் சத்திரிய மரம். மென்மையும் கனமும் வைசியம். கெட்டியும் கனமும் சூத்திரம். இரண்டு வருணத்தின் குணம் கலந்த மரத்தில் கட்டிய கப்பல் நிலைக்காதாம், தண்ணீரில் அழுகிப்போகுமாம். கலப்புமணத்துக்கு விட்ட சாபத்தையே மரத்துக்கும் விட்டிருக்கிறார்கள். நாலோடு கணக்கு முடிகிறது. அவர்ணனுக்கு மரத்தில்கூட இடமில்லை. இதைத்தான் நம் கப்பற்கலை என்று கொண்டாடச் சொல்கிறார்கள்.

இரும்புக்கு வருணம் கிடையாது. அந்த இரும்பை வெட்டுகிறவனுக்கு?

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் கடற்கரையில் ஒருகாலத்தில் கப்பல் உடைக்கும் தொழில் நடந்தது. இன்று அந்த ஊர் உப்பளத்துக்குத்தான் பேர்பெற்றது. தொழில் பெருத்தது குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்து அலங்கில், 1983 முதல். கடல்தான் காரணம். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 10 மீட்டர் அளவு. ஏற்றத்தில் கப்பலை முழுவேகத்தில் கரையேற்றிவிட்டால் வற்றத்தில் அது மண்ணில் நிற்கும், ஆள் நடந்தே போய் வெட்டலாம். நம் மன்னார் வளைகுடாவில் அந்த வித்தியாசம் 1 மீட்டர்கூட வராது. அலங்கில் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த நிலமற்ற கூலிகள்.

எங்கள் சித்தப்பா ஒருவர் இளவயதில் இந்த வேலை பார்த்தவர், பிறகு வடக்கேயும் போனவர். அவரிடம் கப்பல் வகை கேட்டேன். நாவாய், வங்கம் எல்லாம் வரவில்லை. "எண்ணெய்க் கப்பல், தானியக் கப்பல், ஐஸ் கப்பல், ஆள் கப்பல். எதுல எது கொல்லும்னு தெரியணும் தம்பி, அதுக்குத்தான் வகை" என்றார். எண்ணெய்க் கப்பல் என்றால் தொட்டியில் தேங்கிய ஆவி. ஐஸ் கப்பல் என்றால் குளிரூட்டும் வாயுவும் சுவருக்குள் அடைத்த பஞ்சும். ஆள் கப்பல் என்றால் அறைக்கு அறை ஆஸ்பெஸ்டாஸ். எந்தக் கப்பலானாலும் நாள்பட மூடிக்கிடந்த தொட்டியில் துருவே பிராணவாயுவைத் தின்றுவிடும், இறங்கியவன் சத்தமில்லாமல் விழுவான். முதலாளிக்கு இந்த வகையெல்லாம் இரண்டாம்பட்சம். அவன் விலை பேசுவது எல்.டி.டி. கணக்கில், அதாவது சரக்கு இல்லாத வெறும் கப்பலின் எடைக்கு. புலவன் பெருமைக்கு வகை பிரித்தான். முதலாளி எடைக்கு விலை பேசினான். தொழிலாளி உயிருக்கு வகை பிரித்தான்.

சித்தப்பா சொன்ன இன்னொன்று. "உள்ள எறங்கலாம்னு சொன்னா நெருப்பு வைக்கலாம்னு அர்த்தமில்ல. ரெண்டும் வேற வேற சொல்லு." வாயு நீக்கிய சான்று இரண்டு விதம்: ஆள் இறங்க ஒன்று, கேஸ் கட்டர் வைக்க இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் புரிந்துகொண்டால் சாவு. 2016 நவம்பர் 1ஆம் தேதி பாகிஸ்தானின் கடானியில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்து 26 பேருக்குமேல் செத்தார்கள். அந்தப் பிணங்களுக்கு முன்னால் நின்று பார்த்தால் கலைச்சொல் என்பது வெறும் மொழிப்பிரச்சினை இல்லை.

இப்போது 'உடைப்பு' என்ற சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. 2019இல் வந்த இந்தியச் சட்டத்தின் பெயர் கப்பல்கள் மறுசுழற்சிச் சட்டம். 2025 ஜூன் 26இல் நடைமுறைக்கு வந்த ஹாங்காங் உடன்படிக்கையும் மறுசுழற்சி என்றே பேசுகிறது. ஒவ்வொரு கப்பலிலும் என்னென்ன நஞ்சு எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான், போராடிப் பெற்றதுதான். ஆனால் மறுசுழற்சி என்ற சொல்லில் கை இல்லை, முதுகு இல்லை, இருமல் இல்லை. அந்தப் பட்டியலை இறங்குகிறவனுடைய மொழியில் படித்துக் காட்ட வேண்டியது யார்?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. அணியம், சுக்கான், நங்கூரம், மாலுமி எல்லாம் அதில் உண்டு. சுக்கானும் மாலுமியும் அரபி, நங்கூரம் பாரசீகம். பாய்மரத்துக்குக் கீழே வேலை செய்தவனின் வாய் தீட்டுப் பார்க்கவில்லை, வந்த சொல்லை வாங்கிக்கொண்டது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' தூத்துக்குடித் தோணித் தொழிலின் சொற்களை நாவலுக்குள் கொண்டுவந்தது. ஓட்டுகிறவன் சொல்லும் பிடிக்கிறவன் சொல்லும் இப்படி எழுத்தில் ஏறின. உடைக்கிறவன் சொல் இன்னும் கரையிலேயே கிடக்கிறது. பிரதியைக் கட்டுடைப்பதைப் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதிய நாம், இரும்பைக் கட்டுடைத்தவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

தமிழ் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லலாம். சங்க இலக்கியத்தில் கப்பல் என்று இன்னொரு ஆய்வேடு வேண்டாம். கடலாடி, சாயல்குடிப் பக்கம் போய், இந்த வேலை பார்த்துத் திரும்பியவர்களிடம் உட்காருங்கள். கேஸ் கட்டர், பிளேட், வின்ச் என்று வருகிற சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள். 'இறங்கலாம்', 'நெருப்பு வைக்கலாம்' என்ற இரண்டும் அந்த அகராதியில் முதல் இரண்டு பதிவுகளாக இருக்கட்டும்.