தூரிகை ஏந்திய காவலர்: கூட்டுச் சுவரோவியத்தின் பயனும் எல்லையும்

அமெரிக்க நகரங்களில் காவலர்களும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து பொதுச்சுவர் ஒன்றில் ஓவியம் தீட்டும் வழக்கம், சமூகக் காவல்பணி எனப்படும் அணுகுமுறையின் ஒரு கிளையாகும். குற்றம் நிகழ்ந்தபின் வந்து கைது செய்வதோடு நின்றுவிடாமல், மக்களோடு இடையறாத பழக்கம் கொண்டு, அவர்களுடைய ஒத்துழைப்பால் அமைதியைக் காப்பதே அவ்வணுகுமுறையின் நோக்கம். ஒருவரையொருவர் ஐயுறும் இரு குழுவினர் நேரில் பழகினால் வெறுப்புத் தணியும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் முன்வைத்த தொடர்புக் கருதுகோளைக் கூட்டாக ஓவியம் தீட்டும் இவ்வழக்கத்தின் அடித்தளமாகக் கொள்ளலாம். ஆனால், அவர் வெறும் பழக்கத்தைப் போதுமானதாகக் கொள்ளவில்லை. இரு தரப்பினரும் அந்த இடத்தில் சமநிலையில் இருத்தல், பொதுவான இலக்கு, போட்டியற்ற ஒத்துழைப்பு, அதிகார அமைப்புகளின் ஆதரவு என நான்கு நிபந்தனைகளை விதித்தார். கூட்டுச் சுவரோவியம் பின்னைய மூன்றையும் எளிதில் நிறைவேற்றிவிடுகிறது. முதலாவதான சமநிலையில்தான் அதன் வலிமையும் குறையும் சேர்ந்தே கிடக்கின்றன.

இவ்வழக்கத்தின் வலிமையை உணர, பிலடெல்பியா நகரம் வளர்த்தெடுத்த வேலைமுறையை அறிதல் வேண்டும். சுவர்க் கிறுக்கல்களை ஒழிக்க 1984-இல் அந்நகரம் தொடங்கிய திட்டத்தில் ஜேன் கோல்டன் என்னும் ஓவியர் கிறுக்கிய இளைஞர்களையே ஓவியர்களாக்க முயன்றார். 1996-இல் அம்முயற்சி தனிச் சுவரோவியத் திட்டமாக வளர்ந்தது. அங்கே பெரும்பாலான படங்கள் சுவரின்மேல் நேரடியாகத் தீட்டப்படுவதில்லை. பாராசூட் துணி என்று ஓவியர்கள் அழைக்கும், நெய்யப்படாத மெல்லிய துணியின் துண்டுகளில் கோட்டுருவம் வரையப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் இன்ன வண்ணம் என்பதற்கான எண் குறிக்கப்படுகிறது. பயிற்சி இல்லாதவரும் எண்ணைப் பார்த்து வண்ணம் பூசிய பின், அத்துண்டுகள் அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டப்படுகின்றன. எண்ணைப் பார்த்துப் பூசும் வேலையில் பதவிக்கு மதிப்பில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கை காவல் ஆய்வாளரின் கையைவிடத் திருத்தமாக அமைவது இயல்பு. துப்பாக்கியும் சீருடையும் தீர்மானிக்கும் உறவிலிருந்து சில மணி நேரமேனும் இரு தரப்பினரையும் விடுவிக்கும் இந்தக் கைச்சமத்துவம் இவ்வழக்கத்தின் மெய்யான சாதனை.

எனினும், எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்பதை அதற்கு முன்பே ஒருவர் முடிவு செய்திருக்கிறார். படத்தில் எது இடம்பெறும், எது விடுபடும் என்னும் கேள்வி வரைவுக் கூட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. அக்கூட்டத்தில் மக்களுக்குச் சமமான குரல் இல்லையெனில், பின்னர் வரும் கைச்சமத்துவம் பிறர் முடிவை நிறைவேற்றும் கூலியுழைப்பாகச் சுருங்கிவிடும். இதற்கு மாறாக எப்படிச் செய்யலாம் என்பதை அதே பிலடெல்பியாவில் 2004-இல் உருவான 'ஆற்றும் சுவர்கள்' காட்டுகிறது. நகருக்கு வெளியே இருந்த கிரேட்டர்ஃபோர்ட் சிறையின் கைதிகளும் குற்றங்களால் பாதிக்கப்பட்டோரும் ஆறுதல் என்னும் பொருளில் ஒரே படம் தீட்ட முனைந்தனர். தண்டனை, மன்னிப்பு, கழிவிரக்கம் ஆகியவற்றில் அவர்களால் உடன்பட முடியவில்லை. விளைவாக ஒன்றுக்கு மாற்றாக இரண்டு சுவர்கள் எழுந்தன: ஒன்று கைதிகளின் பயணத்தையும் மற்றது பாதிக்கப்பட்டோரின் பயணத்தையும் சொல்கிறது. பிணக்கைப் பூசி மறைக்காமல் படத்தின் அமைப்பிலேயே அதற்கு இடம் தந்தமையால் அம்முயற்சி நேர்மையானதாக நிற்கிறது. காவலரோடு தீட்டப்படும் சுவர்களில் இத்தகைய துணிவு அரிது. கைகுலுக்கலும் வெண்புறாவும் உதயசூரியனுமே அவற்றில் மிகுதி. அவற்றைக் கலை என்று பாராட்டுவதற்குப் பெருந்தன்மை வேண்டும்.

பழக்கத்தால் பயன் உண்டா என்னும் வினாவுக்கு ஆய்வுகள் தரும் விடையும் இருமுகமானதே. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் நடந்து 2019-இல் வெளிவந்த கள ஆய்வில், குற்ற விசாரணைக்காக அல்லாமல் பேசுவதற்காக மட்டும் காவலர் ஒருமுறை வீட்டுக்கு வந்து சென்றதே மக்களின் மனப்பாங்கை மேம்படுத்தியது. மூன்று வாரங்கள் கழித்தும் அம்மாற்றம் நீடித்தது. மாறாக, பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் சமூகக் காவல்பணியைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வு, மக்களின் நம்பிக்கை உயரவுமில்லை, குற்றம் குறையவுமில்லை என்று கண்டது. இரண்டும் சுவரோவியத்தைப் பற்றியவை அல்ல என்றாலும், ஒரு காவலர்மீது எழும் நல்லெண்ணம் காவல் துறையின் நடைமுறை மாறாதவரை அத்துறைமீதான நம்பிக்கையாக வளர்வதற்கு உறுதியில்லை என்று அவற்றைச் சேர்த்துப் படிப்பது பிழையாகாது.

சுவரோவியத்துக்கும் காவல் துறைக்கும் இடையிலான பிணக்கின் வரலாறும் இங்கே குறுக்கிடுகிறது. சான் டியாகோ நகரில் பாலத்தின் அடியில் பூங்காவுக்காக மெக்சிக்க அமெரிக்கர்கள் எதிர்பார்த்திருந்த நிலத்தில் நெடுஞ்சாலைக் காவல் நிலையம் எழப்போவதை அறிந்து, 1970 ஏப்ரலில் அவர்கள் அந்நிலத்தில் அமர்ந்து போராடிப் பெற்றதே சிக்கானோ பூங்கா. அதன் புகழ்பெற்ற தூண் ஓவியங்கள் அப்போராட்டத்தின் பிள்ளைகள். பிலடெல்பியாவின் இத்தாலியச் சந்தைப் பகுதியில் 1995-இல் தீட்டப்பட்ட பிராங்க் ரிசோவின் உருவம் மற்றோர் எடுத்துக்காட்டு. காவல் ஆணையராக இருந்து மேயரான அவர் ஒரு சாராருக்கு ஒழுங்கின் காவலர், கறுப்பின மக்கள் பலருக்கு வன்முறையின் முகம். ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் பிடியில் இறந்ததை அடுத்து எழுந்த கொந்தளிப்பில் 2020 ஜூனில் அவ்வுருவம் வண்ணம் பூசி அழிக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே சுவரை ஒரே நகரத்தார் இருவேறாகப் படித்துவந்தனர்.

ஆகவே, காவலரோடு தீட்டும் சுவரை மதிப்பிடும்போது திறப்பு விழாவின் புகைப்படங்களைப் பார்த்துப் பயனில்லை. வரைவை முடிவு செய்தவர் யார், செலவை ஏற்றவர் யார், காவலர்மீதான முறையீட்டுக்கு அச்சுவரில் இடமிருந்ததா, அம்முறையீட்டை விசாரிக்கும் அமைப்பு சுவருக்கு வெளியே இயங்குகிறதா என்றே கேட்க வேண்டும். வரைவை மறுக்கும் உரிமை மக்களுக்கு இருந்த இடத்தில் இவ்வழக்கம் ஊக்குவிக்கத்தக்கது. அவ்வுரிமை இல்லாத இடத்தில் எழும் ஓவியத்தைக் காவல் துறையின் விளம்பரச் செலவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.