வாயாடியும் வாய்ப்பூட்டும்

அட்டையைப் பார்த்தே இந்த நாவல்களை ஒதுக்கிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. மேல்சட்டை இல்லாத ஓர் ஆண், இடுப்பில் கட்டம் போட்ட துணி, பின்னால் மலை, மூடுபனி, ஒரு கோட்டை. இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு தோழி தொலைபேசியில் அழைத்து, அப்படியொரு நாவலிலிருந்து அரைப் பக்கத்தை வாசித்துக் காட்ட முயன்றாள். முடியவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை சிரிப்பு அவளை மடக்கிப்போட்டது. என்ன கதை என்று கேட்டேன். ராஜா உத்தரவு போட்டு, முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள் என்றாள். இதில் சிரிக்க என்னடி இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. "எனக்கும் அப்படித்தானே முடிச்சாங்க, என்னை யாரு கேட்டா? இவளையும் யாரும் கேக்கல. ஆனா இவ வாயை மூடவே மாட்டேங்கிறாடி!" என்றாள்.

அந்த 'ஆனா'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவள் வாசித்தது அமெரிக்க எழுத்தாளர் ஜூலி கார்வுட் 1989இல் எழுதிய 'தி பிரைட்'. கதை நடப்பது 1100இல். ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் வீட்டுக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டுத் தலைவர்கள் இருவர் அரசனின் ஆணையோடு வந்து இறங்குகிறார்கள். அவருடைய மகள்களில் இருவரை மனைவியாகக் கொண்டுபோகவேண்டும். கடைக்குட்டி ஜேமியைத் தேர்ந்தெடுக்கிறான் அலெக் கின்கெய்டு. முதல் மனைவியைக் கொன்றவன் என்று அவனைப் பற்றி ஊரில் பேச்சு. இந்தத் தொடக்கத்தை வைத்துப் பேய்க்கதை எழுதலாம், சோகக்கதை எழுதலாம். கார்வுட் எழுதியது நகைச்சுவை.

அந்த நகைச்சுவை இயங்கும் விதம் எளிமையானது. நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒற்றைச் சொல்லுக்குக் கட்டுப்படும் தலைவன், மனைவிக்கும் ஒற்றைச் சொல்லில் ஆணையிடுகிறான். அவள் தலையாட்டுகிறாள். பிறகு தனக்குச் சரியென்று பட்டதைச் செய்கிறாள். அவன் வெளியே போய்த் திரும்பும்போது வீடு வேறுமாதிரி இருக்கிறது, வீரர்கள் அவள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கவனித்தால் தெரியும், அவள் அவனை எதிர்ப்பதே இல்லை. எதிர்த்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். எதிரியை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும். இவளுக்கோ அவனுடைய ஆணை ஆணையாகவே காதில் விழவில்லை. அதிகாரம் அதிகாரமாக இருக்கவேண்டுமானால் எதிரில் இருப்பவர் அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அவள் கண்டுகொள்வதில்லை. வாசிக்கும் பெண்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான். ஒருத்தி இன்னொருத்திக்குத் திரும்பச் சொல்லும் பக்கங்களும் இவைதான். காதல் காட்சியை யாரும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவதில்லை.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய சரித்திரக் காதல் நாவலின் தொடக்கமாகப் பலரும் சொல்வது கேத்லீன் வுடிவிஸ் 1972இல் வெளியிட்ட 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்'. அதில் கதாநாயகன் கதாநாயகியை முதலில் செய்வது வன்புணர்ச்சி. மீதி நாவல் முழுவதும் வாசகி அவனை மன்னிப்பதற்காக எழுதப்பட்டது. அந்த வழியில் வந்த நாவல்களில் பெண் நடுங்குவாள், அழுவாள், பிறகு காதலிப்பாள். கார்வுட்டின் பெண்கள் பேசுகிறார்கள். நடுங்கிக்கொண்டே ஒருத்தியால் இப்படி வாயடிக்க முடியாது. வாசகி சிரிக்கவேண்டுமானால் இவன் கை ஓங்க மாட்டான் என்ற நிச்சயம் முதலில் அவளுக்குக் கிடைத்தாகவேண்டும். ஆக, நகைச்சுவை இங்கே ஒரு வகையில் பாதுகாப்பு உத்தரவாதம்.

உத்தரவாதத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் விஷயம் சிக்கலாகிறது. கொடுத்தது நாவலாசிரியை. சட்டமோ திருச்சபையோ அல்ல. கார்வுட்டுக்கே இது தெரியும் என்பதற்கு 1993இல் வந்த 'சேவிங் கிரேஸ்' சாட்சி. அதன் நாயகி ஜோஹானா, அடித்துத் துன்புறுத்திய முதல் கணவன் இறந்துவிட்டான் என்ற செய்தியோடுதான் கதைக்குள் வருகிறாள். கடவுளின் அன்பைப் பெறும் வரிசையில் பெண்களுக்குக் கடைசி இடம் என்று ஒரு பிஷப் அவளுக்குப் போதித்திருக்கிறார். சிரிப்பு தொடங்குவது இரண்டாவது கணவனோடு, மலைநாட்டுக்குப் போன பிறகு. முதல் கணவனுக்கு இருந்த அதே உரிமைகள் இரண்டாமவனுக்கும் உண்டு. அவன் அவற்றைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். நல்லவன் வாய்த்தால் சிரிக்கலாம் என்பது விடுதலையாகுமா? என் தோழிக்கும் எனக்கும் இதில் இன்னும் சண்டை தீரவில்லை.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடம் பேசி 1984இல் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த நேரம் தங்களுடையது, கணவனும் பிள்ளைகளும் அப்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். நாயகிக்கு அறிவும் நகைச்சுவை உணர்வும் வேண்டும் என்றும் கேட்டார்கள். ராட்வே அவர்களுடைய வாசிப்பை மதித்தார். கூடவே, அந்த வாசிப்பு அவர்களுடைய மனக்குறையை ஆற்றி, திரும்ப அதே சமையலறைக்கே அனுப்பிவைக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். சந்தேகம் நியாயமானது. ஆனால் சிரிப்பை அவர் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை. கண்ணீர் மனதை ஆற்றும். சிரிப்பு அப்படி ஆற்றிவிடுவதில்லை. இரவு கணவன் ஒற்றைச் சொல்லில் உத்தரவு போடும்போது அந்தப் பக்கம் நினைவுக்கு வந்து உதடு துடிக்கும்.

இந்த வகையில் நான் வாசித்தவற்றில் சிறந்தது கார்வுட்டின் 'தி சீக்ரெட்' (1992). இதில் காதல் கதை இரண்டாவது கதை. முதல் கதை இரண்டு பெண்களின் நட்பு. எல்லைத் திருவிழாவில் சிறுமிகளாகச் சந்தித்த ஆங்கிலேயப் பெண் ஜூடித்தும் ஸ்காட்லாந்துப் பெண் பிரான்சஸ் கேத்ரினும் ஒரு வாக்குறுதி செய்துகொள்கிறார்கள். பிரான்சஸ் கேத்ரினின் தாயும் பாட்டியும் பிரசவத்தில் செத்தவர்கள். தனக்கும் அதே முடிவுதான் என்று அவள் நம்புகிறாள். பிரசவ நேரத்தில் உன் பக்கத்தில் இருப்பேன் என்கிறாள் ஜூடித். வருடங்கள் கழித்து அந்த வாக்கைக் காப்பாற்ற, எதிரி நாட்டு மலைக்கு வருகிறாள். வருவதற்குமுன் மருத்துவச்சிகளைத் தேடித்தேடிப் பிரசவத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். கேட்கக்கேட்க அவளுடைய பயம்தான் அதிகமாகிறது. தோழிக்காகச் சேர்த்துவைத்த அறிவு, எதிர்பாராமல் வேறொருத்தியின் பிரசவத்தில் முதலில் தேவைப்படுகிறது.

இந்த நாவலில் நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். தடித்தடியான வீரர்கள், பெண்களின் உடல் சம்பந்தப்பட்ட ஒரு சொல் காதில் விழுந்ததும் தரையைப் பார்க்கிறார்கள். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஓடுவது மரண பயம். எல்லாக் காலத்துப் பெண்களும் அறிந்த பயம். பிரசவ அறைக்கு வெளியே ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, உள்ளே பெண்கள் வேலையைப் பார்க்கிறார்கள். சரித்திர நாவல் என்றால் போர்க்களம் என்று பழகிய நமக்கு, கதையின் உச்சங்களில் ஒன்று பிரசவ நாற்காலியில் நடப்பது சாதாரண விஷயம் இல்லை.

சரித்திரம் என்று சொல்லிவிட்டேன், அதையும் பார்த்துவிடலாம். இந்த நாவல்களின் மலைநாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உடலைச் சுற்றி இடுப்பில் வாரால் கட்டும் அந்தக் கட்டம் போட்ட நீண்ட துணி 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவருகிறது. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டுச் சங்கதி. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பு வைபவம் அதை நாடெங்கும் பரப்பியது. நாயகன் வாயில் வரும் கொச்சை ஆங்கிலமும் அப்படித்தான். மலைநாட்டார் பேசியது கேலிக் மொழி. ஓர் ஆண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் பிரியலாம் என்ற 'கைகோத்தல்' திருமணமும் இவற்றில் அடிக்கடி வரும். அந்தக் கதையைப் பிரபலமாக்கியதில் ஸ்காட்டின் 1820ஆம் ஆண்டு நாவல் ஒன்றுக்குப் பங்கு உண்டு. வரலாற்றில் கைகோத்தல் என்பது நிச்சயதார்த்தம்தான்.

உண்மையான வரலாறோ இதைவிடச் சுவாரஸ்யமானது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஆணும் பெண்ணும் பரஸ்பரம் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும். பாதிரியார் தேவையில்லை. இந்த முறை 1940 வரை நீடித்தது. கல்யாணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வதும் அங்கே பழைய வழக்கம். சம்மதத்தை மையமாகக் கொண்ட இவ்வளவு பொருள் கையில் இருக்க, அரசன் ஆணை போட்டான் என்ற தொடக்கத்தையே இந்த எழுத்தாளர்கள் மீண்டும் மீண்டும் தேடிப்போவது ஏன்? கேட்காமல் கட்டிவைக்கப்பட்டவளின் வாய்தான் நமக்குச் சிரிப்பைத் தருகிறது என்பதாலா?

அந்த வாய்க்கு அங்கே என்ன விலை இருந்தது என்பதை எந்த நகைச்சுவை நாவலும் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தின் நகரங்களில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் 'பிராங்க்ஸ்' என்ற கருவி புழக்கத்தில் இருந்தது. தலையைச் சுற்றிப் பூட்டும் இரும்புக் கூண்டு. நாக்கை அழுத்திப்பிடிக்க உள்ளே ஒரு தகடு. சண்டைக்காரி, வாயாடி என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு அதைப் பூட்டி ஊர் பார்க்க நிறுத்தினார்கள். 1563இலிருந்து 1736 வரை நடைமுறையில் இருந்த சூனியச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள். அண்டைவீட்டாரோடு சண்டையில் ஒருத்தி கோபமாகச் சொன்ன சொல், பிறகு அவர்கள் மாடு செத்தால் அவளுக்கு எதிரான சாட்சியாகும். பச்சிலை தெரிந்த நாயகியைச் சூனியக்காரி என்று யாரோ முணுமுணுப்பதும், கணவன் ஒரு முறைப்பில் அதை அடக்குவதும் இந்த நாவல்களில் வாடிக்கையான காட்சி. சட்டத்தை முறைத்து அடக்க எந்தக் கணவனாலும் முடிந்ததில்லை.

அதற்காக அந்த மலைநாட்டுப் பெண்கள் சிரிக்காமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. வெளிப்புறத் தீவுகளில் நெய்த கம்பளித் துணியைக் கெட்டிப்படுத்த, பலநாள் சேர்த்த மூத்திரத்தில் ஊறவைத்து, நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து மணிக்கணக்கில் அடித்துத் திருப்புவார்கள். ஒருத்தி பாட்டெடுக்க, மற்றவர்கள் பின்பாட்டு. ஆண்களுக்கு அங்கே பொதுவாக இடமில்லை. பாட்டில் இறந்த காதலனுக்கு ஒப்பாரி வரும், ஊர்வம்பு வரும். கல்யாணமாகாத பெண்ணின் பேரோடு ஊரிலுள்ள ஆண்களின் பேரை ஒவ்வொன்றாகக் கோத்து, இவன் வேண்டுமா அவன் வேண்டுமா என்று கேலி செய்யும் பாட்டும் உண்டு. அவள் ஒருவனை ஏற்கலாம், ஒருவனைத் தள்ளலாம். தெற்கு உயிஸ்ட் தீவில் தங்கி இப்படிப்பட்ட பாடல்களைத் திரட்டியவர் மார்கரெட் ஃபே ஷா. அவருடைய தொகுப்பு 1955இல் வந்தது. நாற்றம், உழைப்பு, கேலி, தேர்வு எல்லாம் ஒரே பலகையில். தொலைபேசியில் வாசித்துக் காட்டிச் சிரித்த தோழிக்கு அந்தப் பலகையில் ஓர் இடம் இருந்திருக்கும்.

கடைசியாக, எனக்குச் சிரிப்பு வராத ஒன்று. லின்சே சாண்ட்ஸ் எழுதிய 'தி கீ' நாவலில் ஆங்கிலேய மணமகள் இலியானா, நாறும் கணவன் குளிக்காமல் பக்கத்தில் வரக்கூடாது என்று கற்புக் கச்சையை மாட்டிக்கொண்டு சாவியை ஒளித்துவைக்கிறாள். கற்பைக் காவல்காக்க ஆண் பூட்டியதாகச் சொல்லப்படும் பூட்டை, கணவனுக்கு எதிராகத் திருப்பியது அற்புதமான யோசனை. அதற்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் கூடவே கோட்டை முழுக்க அழுக்கு, ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லாருமே சுத்தம் தெரியாதவர்கள், அவள் வந்து திருத்துகிறாள். அந்த நாட்டுக்காரர்களைப் பற்றி ஆங்கிலேயர்கள் நெடுங்காலமாகச் சொல்லிச் சிரித்த பழைய நகைச்சுவை இது. அழுக்கானவர்கள், திருந்தாதவர்கள் என்ற பேச்சு மலைநாட்டில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தால், நிலத்தைச் சீர்திருத்துகிறோம் என்று ஆட்டு மந்தைக்காக மனிதர்களை வெளியேற்றியதில் விட்டது. 1854இல் கிரீன்யார்ட்ஸில் வெளியேற்ற ஆணையோடு வந்த போலீசாரை மறித்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தடியடியில் அவர்களின் மண்டை உடைந்தது. அவர்களும் வாயாடிகளாகத்தான் இருந்திருப்பார்கள். இன்னொன்றும் உறுத்துகிறது. இலியானா திருத்தும் கோட்டையில் தரையை நிஜமாகத் தேய்ப்பவள் வேலைக்காரி. அவளுக்கு இந்த நாவல்களில் பெரும்பாலும் நகைச்சுவை வசனம் கிடையாது.

இதை எழுதிமுடித்துத் தோழிக்கு அனுப்பினேன். 'தி சீக்ரெட்'டை மறுபடி வாசிக்கும்படி சொல்லி, தன் பிரதியைக் கொடுத்தனுப்பினாள். சிரித்த இடங்களில் பென்சிலால் சின்னச்சின்னக் கோடு போட்டிருக்கிறாள். கோடுகளை எண்ணிக்கொண்டே போனேன். பிரசவம் நெருங்கும் பக்கத்தில், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்த இடத்தில், இரண்டு கோடு போட்டிருந்தாள்.