கதவுக்கு வெளியே நிற்பவன்

நம் நாவல்களில் கல்யாணத்துக்கு ஐம்பது பக்கம் கிடைக்கும். தலைச்சன் பிரசவத்துக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். கணவன் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்வருகிறான். பிறகு தந்தி வருகிறது. (2013-ல் தந்தி நின்றுபோன பிறகு டெலிபோன் மணி அடிக்கிறது.) அடுத்த அத்தியாயத்தில் குழந்தை தவழ்கிறது. வழக்கமே அப்படி இருக்கும்போது ஆசிரியன் என்ன செய்வான் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வழக்கம் கணவனை வேறு ஊரில் நிறுத்தியது வாஸ்தவம். அவன் மனசையும் வேறு ஊரில் வை என்று அது சொல்லவில்லையே.

முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டை நின்று நிதானமாகப் பார்த்து எழுதியவர்களில் டால்ஸ்டாயைத்தான் நான் முதலில் சொல்வேன். அவருடைய இரண்டு பெரிய நாவல்களிலும் அப்படி ஒரு வீடு வருகிறது.

'போரும் வாழ்வும்' நாவலில் ஏற்பாடுகளுக்குக் குறைவே இல்லை. மாஸ்கோவிலிருந்து வரவேண்டிய ஜெர்மன் டாக்டருக்காக நெடுஞ்சாலையில் மாற்றுக் குதிரைகள் காத்திருக்கின்றன. பனிக்குழியில் வண்டி சிக்கிவிடாதபடி வழிகாட்ட, விளக்குகளோடு குதிரைக்காரர்கள் போகிறார்கள். வேலைக்காரர்கள் தோல் சோபா ஒன்றைப் படுக்கையறைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். இந்தச் சோபா வெறும் கற்பனை அல்ல. 1828-ல் டால்ஸ்டாய் பிறந்தது அப்படியொரு தோல் சோபாவில்தான். அவர் பிள்ளைகளில் பலரும் அதிலேயே பிறந்தார்கள். யாஸ்னயா பொல்யானாவில் அது இன்னும் இருக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் இருந்து, லிசா இறந்துபோகிறாள். யுத்தத்தில் இறந்துவிட்டான் என்று அஞ்சப்பட்ட கணவன் ஆந்த்ரே, சரியாக அந்த இரவில் வீடு வந்து சேர்ந்து கதவுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. குழந்தையை ஏன் அங்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு கணம் யோசிக்கிறான்! தகப்பனாகப் போகிறவன் எவ்வளவு தயாரில்லாமல் நிற்கிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன எழுத்து எனக்குத் தெரியாது.

'அன்னா கரீனினா' 1875 முதல் 1877 வரை பத்திரிகையில் தொடராக வந்தது. அதில் இதே விஷயம் விஸ்தாரமாக வருகிறது. கோடைகாலம். தாழ்வாரத்தில் பெண்கள் குழந்தைக்குச் சட்டை தைக்கிறார்கள், பின்னுகிறார்கள்; ஒரு பக்கம் ஜாம் கொதிக்கிறது. தண்ணீர் விடாமல் கிளறுவதா, விட்டுக் கிளறுவதா என்று அதிலும் ஒரு சண்டை. நம் வீட்டுக் கூடம் மாதிரியே இருக்கிறது. லெவினுக்கு இது பிடிக்கவில்லை. எவ்வளவு பெரிய மர்மம் நடக்கப்போகிறது, இவர்கள் விரல்விட்டு நாள் எண்ணுகிறார்கள், முக்கோணத் துணியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவனுக்கு மனத்தாங்கல். டால்ஸ்டாய் இங்கே லெவினைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். அந்தப் பெண்களிடம் வேலை இருக்கிறது. இவனிடம் பிரமிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

பிரசவத்துக்காகவே குடும்பம் மாஸ்கோவுக்கு வந்திருக்கிறது. விடியற்காலையில் கிட்டி அவனை எழுப்புகிறாள். தனக்குப் பயமில்லை என்று அவள்தான் அவனைத் தேற்றுகிறாள். அவன் டாக்டர் வீட்டுக்கு ஓடுகிறான். டாக்டர் தூங்குகிறார், வேலைக்காரன் விளக்குச் சிமினி துடைத்துக்கொண்டிருக்கிறான், எழுப்ப மாட்டேன் என்கிறான். மருந்துக் கடைக்காரன் அபினி மருந்தைச் சாவகாசமாகப் புட்டியில் ஊற்றி, லேபிள் ஒட்டி, காகிதத்திலும் சுற்றப் பார்க்கிறான். லெவின் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். டாக்டர் எழுந்து காப்பி குடிக்கிறார். இந்த மாதிரி சமயத்தில் எப்போதும் குதிரை லாயத்துக்கு ஓடிவிடுகிற ஒரு கணவனைப் பற்றிக் கதை சொல்கிறார். உலகம் முழுவதும் அதன் பாட்டுக்கு நடக்கிறது என்பதுதான் இங்கே பயங்கரம். முன்கூட்டி ஏற்பாடு செய்ய எதையெல்லாம் செய்யலாமோ அதையெல்லாம் மற்றவர்கள் செய்துவிட்டார்கள். மிஞ்சிய இருபத்திரண்டு மணி நேரத்தையும் இவன் ஒருவன் அனுபவித்தாக வேண்டும். தெய்வ நம்பிக்கை இல்லாதவன் பிரார்த்தனை செய்கிறான்.

அந்த நாவலில் தலைப்பு வைத்த அத்தியாயம் ஒன்றே ஒன்று. தலைப்பு, 'மரணம்'. லெவினுடைய அண்ணன் சாகிற அத்தியாயம் அது. அதன் கடைசியில்தான் கிட்டி கர்ப்பம் என்று டாக்டர் சொல்கிறார். லெவினுக்கு இரண்டு கதவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குழந்தையைக் கையில் காட்டியபோது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தச் சின்ன உயிருக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற புதுப் பயம் வருகிறது, கொஞ்சம் அருவருப்பும்கூட. இதை எழுத மிகுந்த நேர்மை வேண்டும். நம்மவர்கள் இந்த இடத்தில் ஆனந்தக் கண்ணீர் விட வைத்துவிடுவார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் எனக்கு ஒரு புகார் உண்டு. கிட்டி எங்கே? அவள் முனகல் லெவின் காதில் விழுகிறது, அவள் முகம் லெவின் கண்ணில் படுகிறது. அவள் மனசுக்குள் ஆசிரியர் நுழையவில்லை. அன்னாவின் மனசுக்குள் அவ்வளவு தாராளமாகப் புகுந்து புறப்பட்டவர் இங்கே லெவினோடு நின்றுவிடுகிறார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம் என்ற அடக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். எனக்குப் போதவில்லை. தெரிந்துகொள்ள வழி வீட்டிலேயே இருந்தது.

டால்ஸ்டாயின் மனைவி சோபியாவுக்கு 1863-ல் மூத்த மகன் செர்கேய் பிறந்தபோது வயது பதினெட்டு. லெவினுடைய அந்த இரவு 1877-ல் அச்சாவதற்குள் அவருக்கு எட்டுப் பிரசவம் ஆகிவிட்டது. எட்டில் மூன்று குழந்தைகள் 1873-க்கும் 1875-க்கும் இடையில் போய்விட்டன. கணவருடைய கிறுக்கல் கையெழுத்தைப் படித்து இந்த நாவலுக்கு நல்ல பிரதி எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். தாமும் நாட்குறிப்பு எழுதினார். பின்னாளில் ஒரு மனைவியின் பக்கத்திலிருந்து தாம்பத்தியத்தைப் பார்த்து ஒரு குறுநாவலும் எழுதினார். அது ருஷ்ய மொழியில் அச்சேறியது 1994-ல்.