முந்திக்கொள்ளும் துணைவினை

ஆங்கில வாக்கியத்தில் எழுவாய்க்குப் பிறகுதான் வினை. ஆனால் சில வினையடைகள் தொடக்கத்தில் வந்து நின்றால் துணைவினை எழுவாயை முந்திக்கொள்ளும். உருவம் கேள்வியுடையது, பொருளோ அடித்துச் சொல்லும் கூற்று. இந்த முரணில்தான் ருசி.

மும்பையின் சயான் நிலையத்தில் ஃபாஸ்ட் லோக்கல் ரயில் நிற்பதில்லை. 'தி ஃபாஸ்ட் லோக்கல் நெவர் ஸ்டாப்ஸ் அட் சயான்' என்றால் வெறும் தகவல். 'நெவர் டஸ் தி ஃபாஸ்ட் லோக்கல் ஸ்டாப் அட் சயான்' என்றால் அதில் ஓர் அழுத்தம் ஏறிவிடுகிறது. முன்பு இல்லாத 'டஸ்' வந்து காலத்தையும் ஒருமையையும் வாங்கிக்கொள்ள, 'ஸ்டாப்ஸ்' தன் கடைசி எழுத்தை உதிர்க்கிறது.

செல்டம், ரேர்லி, ஹார்ட்லி போன்றவையும் இப்படியே. எல்லாம் எதிர்மறை அல்லது அதை ஒட்டியவை. யெஸ்டர்டே, பெர்ஹாப்ஸ் முன்னால் வந்தால் வரிசை அசையாது. 'ஹார்ட்லி ஹேட் தி ட்ரெயின் ஸ்டாப்ட்' என்று தொடங்கினால், 'வென்' என்ற சொல்லோடு அடுத்த செய்தி பாய்ந்து வரும். வண்டி நின்றதோ இல்லையோ, கூட்டம் ஏறிவிட்டது என்கிற வேகம் அது.

நுட்பம் கூடுவது 'ஒன்லி'யில். மும்பையின் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது; அதன் சயான் கல்லூரி 1960-இல்தான் வந்தது. 'ஒன்லி இன் 1960 டிட் தி காலேஜ் கம் அப்' என்பதில் 'ஒன்லி' ஆண்டைப் பற்றுவதால் வரிசை மாறுகிறது. 'ஒன்லி தி காலேஜ் கேம் அப் இன் 1960' என்றால் அது எழுவாயைப் பற்றுகிறது, வரிசை மாறாது. தமிழில் இவ்வளவு நகர்த்தல் வேண்டாம். 'தான்' ஒட்டும் இடமே போதும்.

'அட் நோ டைம்' என்றால் ஒருபோதும் இல்லை, துணைவினை முந்தும். 'இன் நோ டைம்' என்றால் நொடியில், முந்தாது. இரண்டிலும் 'நோ' உண்டு, ஆனால் முதலதில் மட்டுமே வாக்கியம் முழுதும் எதிர்மறையாகிறது.

இந்த முந்தலின் வேர் பழையது. முதலில் எது வந்தாலும் வினை இரண்டாமிடத்தில் நிற்பது ஜெர்மன் மொழியில் இன்றும் உள்ள வழக்கம். பழைய ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். பின்னர் அது தேய்ந்தது; எதிர்மறையில் நிலைத்தது. 'ஹியர் கம்ஸ் தி ட்ரெயின்' அதன் இன்னொரு எச்சம். அங்கே முழு வினையே முந்துகிறது. பெயருக்குப் பதில் 'இட்' வந்தால், 'ஹியர் இட் கம்ஸ்' என்று வரிசை திரும்பிவிடும்.

பேச்சைவிட எழுத்திலும் மேடையிலும் துணைவினை முந்துவது எடுபடும். பத்திக்கு ஒன்று போதும். அடுக்கினால் அழுத்தம் போய்ப் பாவனைதான் மிஞ்சும்.