இரட்சணிய யாத்திரிகமும் இழந்த சுற்றமும்

கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பன் நடையின் நிழல் என்று சொல்லி முடித்துவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அது ஒருவர் வாழ்ந்து கொடுத்த விலையின் காவியம்.

1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் தோன்றிய அப்புலவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்நாளில் அதன் விலை யாது? உடனுண்ணலும் கொள்வினை கொடுப்பினையும் அற்றுப்போதல். பிறந்த தெருவிலேயே அந்நியனாதல். உள்ளத்தில் நம்பி வாளாவிருப்போர்க்கு இவ்விலை இல்லை. வெளிப்பட வாழ்வோர்க்கே உண்டு.

அவர் தழுவிய மூலத்தை இயற்றிய ஜான் பன்யனும் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்தவர். 1678இல் வெளிவந்த அவர் கதையில், மனைவி மக்கள் அழைக்க அழைக்க, பயணி செவியைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்.

1894இல் நூலுருப்பெற்ற தமிழ்க் காப்பியத்தின் குறை இவ்வுருவக முறையினின்றே பிறப்பது. குணங்களே மாந்தராய் நடமாடுவதால், பழிக்கும் அயலாருக்கு முகமில்லை. பிரிந்தவனின் துயரை அறிகிறோம். பிரியப்பட்டோரின் துயரை அத்துணை அறிகிலோம்.

ஆயினும் இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களில் உருவகம் விலகி, ஒரு மனிதரின் சொந்தக் குரல் ஒலிக்கிறது. சுற்றத்தை இழக்கத் துணிந்தவர், அச்சுற்றத்தின் தமிழை இழக்க இசைந்தாரில்லை. ஆழ்வாரிலும் கம்பரிலும் பழகிய நாவாலேயே புதிய நம்பிக்கையைப் பாடினார். அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ் நிலத்தின் எழிலோடு பாடிய சீறாவைப் பயின்ற நமக்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

மார்க்கம் வேறாயினும், நம்பியதை மறைக்காத நேர்மைக்காக நம் இல்லங்களிலும் இந்நூல் பயிலப்பட வேண்டும்.